மட்டைக்கு முன் காப்பு

நம் ஊருக்குக் கிழக்கே, கழுகுமலையைக் கடந்தால் வரும் கோவில்பட்டியைத் தென்தமிழகத்து ஹாக்கியின் தாய்வீடு என்று சொன்னால் அது மிகையாகாது. அங்குள்ள செயற்கைப் புல்வெளி மைதானத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைப் போட்டியைக் காண நம் பகுதியிலிருந்தும் பலர் செல்கின்றனர். அவ்வூரைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அங்கே பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் 2022ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காகக் களமிறங்கினர். 2023இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையும், 2025இன் இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் இளையோர் உலகக் கோப்பையும் நடைபெற்றன. இவற்றையெல்லாம் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் "எனக்கும் ஒரு மட்டை வேண்டும்" என்று கேட்பது இயல்பே. கேட்கட்டும். கைப்பேசியை வைத்துவிட்டு மைதானத்துக்கு ஓடும் பிள்ளையை மருத்துவமனையில் பணியாற்றும் எவரும் தடுக்க விரும்புவதில்லை.

ஆனால் அந்த மட்டையை வாங்கும் வரிசையைப் பற்றி ஒரு கருத்தை இவ்விதழின் வாசகர்களான பெற்றோர் முன் வைக்க விரும்புகிறேன். விளையாட்டுப் பொருள் கடைக்குச் செல்லும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் மட்டையை வாங்குகின்றனர். அடுத்து, அணியின் நிறத்தில் சட்டை. அதன்பின் பணம் மிஞ்சினால் காலணி. கணைக்காலைக் காக்கும் ஷின் கார்டையும் பல்லைக் காக்கும் மவுத் கார்டையும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகின்றனர். இந்த வரிசை தலைகீழானது. முதலில் பல்லுக்கும் காலுக்கும் காப்பு, அடுத்துக் காலணி, கடைசியாகவே மட்டை. பணம் குறைவாக உள்ள வீட்டில் இந்த வரிசை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்றப்பட வேண்டும் என்பதே என் வாதம்.

பந்தின் எடை

ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை இருக்க வேண்டும் என்பது விதி. கிரிக்கெட்டில் பயன்படும் தோல் பந்தின் எடையும் ஏறத்தாழ இதுவே. தோல் பந்தை எதிர்கொள்ளும் பிள்ளையைக் காலில் பேட் கட்டாமல் எந்தப் பெற்றோரும் அனுப்புவதில்லை. அதே எடையும் அதே கடினமும் கொண்ட பந்து, தரையோடு தரையாகக் கணுக்காலை நோக்கி வரும் ஆட்டத்துக்கு மட்டும் வெறுங்காலோடு அனுப்பிவிடுகிறோம். ஹாக்கியில் பந்து மட்டும் வருவதில்லை. எதிராளியின் மட்டையும் வருகிறது. புதிதாகக் கற்கும் சிறுவர்கள் மட்டையை எவ்வளவு உயரம் ஓங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறியமாட்டார்கள். எனவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் இருக்கும் களத்தைவிடக் கற்றுக்குட்டிகள் இருக்கும் களத்திலேயே காப்பு அதிகம் தேவைப்படுகிறது.

சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பின் விதிநூல், முழுக் காப்புடன் நிற்கும் கோல்கீப்பருக்குத் தலைக்கவசம், கால் பேட், காலணி மேல் அணியும் கிக்கர் ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. மற்ற ஆட்டக்காரர்களுக்குக் கணைக்கால், கணுக்கால், வாய் ஆகியவற்றுக்கான காப்பைப் பரிந்துரைக்கிறது. வளர்ந்தவர்களுக்குப் பரிந்துரை போதும். தம் உடலைப் பற்றி அவர்களே முடிவெடுக்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த முடிவை நாம்தான் எடுத்தாக வேண்டும். ஆகவே நம் பள்ளிகளில் இது கட்டாயமாக இருப்பதே முறை.

"நாங்கள் வெறுங்காலில் ஆடவில்லையா?"

இக்கருத்தைச் சொன்னவுடன் எழும் மறுப்பு ஒன்று உண்டு. "நாங்கள் பனைமட்டையை வெட்டி, கரிசல் பொட்டலில் வெறுங்காலோடு ஆடினோம். எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. பொருள் இல்லை என்பதற்காக ஆட்டத்தையே விட்டுவிடாத அந்த ஊக்கம்தான் நம் பகுதியில் ஹாக்கியை வளர்த்தது. ஆயினும் இதற்கு இரண்டு விடைகள் உள்ளன.

முதலாவது, ஆட்டம் மாறிவிட்டது. 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஹாக்கி செயற்கைத் தளத்தில் ஆடப்பட்டது. அதன்பின் உலகெங்கும் அதுவே நடைமுறையாயிற்று. மண் தரையில் பந்து குதித்து, தேய்ந்து, வேகம் குறையும். செயற்கைத் தளத்தில் அது வழுக்கிக்கொண்டு, அடித்த வேகம் குறையாமல் வரும். பனைமட்டையால் அடித்த பந்தும், இன்று கார்பன் கலந்த மட்டையால் அடிக்கப்படும் பந்தும் ஒன்றல்ல.

இரண்டாவது, நினைவு தேர்ந்தெடுத்தே பேசுகிறது. தியான்சந்த் தலைமையில் 1936 பெர்லின் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வென்றது. அதில் அவர் காலணியைக் கழற்றிவிட்டு ஆடினார் என்பதை நாம் பெருமையுடன் சொல்கிறோம். அதே ஆட்டத்தில் ஜெர்மானிய கோல்கீப்பருடன் மோதியதில் அவருக்குப் பல் ஒன்று போயிற்று என்றும் சொல்லப்படுவதுண்டு. வெறுங்கால் நம் நினைவில் நின்றது, பல் நிற்கவில்லை. அடிபட்டு ஆட்டத்தைவிட்டு ஒதுங்கியவர்கள் திண்ணையில் அமர்ந்து வீரக்கதை சொல்வதில்லை. எனவே "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்னும் சொல் ஒன்றும் ஆகாதவர்களின் சொல் மட்டுமே.

பனிநாட்டுப் பாடம்

இவ்விடத்தில், நமக்குத் தொலைவிலுள்ள கனடாவின் அனுபவம் ஒன்று கைகொடுக்கும். அங்கே ஹாக்கி என்றால் உறைந்த பனியின்மேல் சறுக்குக் காலணி அணிந்து ஆடும் ஐஸ் ஹாக்கியே. முகக் காப்பு அணிவது கோழைத்தனம் என்று அங்கும் நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1959ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், மாண்ட்ரியல் அணியின் கோல்கீப்பர் ஜாக் பிளாண்ட் முகத்தில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்டார். முகமூடி இல்லாமல் இனிக் களத்துக்குத் திரும்பமாட்டேன் என்று உறுதியாக நின்றார். முகமூடி பார்வையை மறைக்கும் என்று அஞ்சிய பயிற்சியாளரும் வேறு வழியின்றி இணங்கினார். முகமூடி அணிந்த பிளாண்ட் முன்பு போலவே சிறப்பாக ஆடினார். அன்று நகைத்தவர்களின் அடுத்த தலைமுறையில் முகமூடி இல்லாத கோல்கீப்பரையே காண முடியாமற்போயிற்று.

அதைவிட நமக்கு நெருக்கமானது டாம் பாஷ்பி என்னும் கனடியக் கண் மருத்துவரின் பணி. ஐஸ் ஹாக்கியில் அடிபட்டுக் கண்ணிழந்து வருவோரைக் கண்டு கலங்கிய அவர், 1970களில் நாடெங்குமுள்ள கண் மருத்துவர்களிடமிருந்து அத்தகைய காயங்களின் விவரங்களைத் திரட்டினார். அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, சிறுவர்களுக்கு முழுமுகக் காப்பு கட்டாயமாக வேண்டும் என்று வாதாடினார். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் சிறுவர் ஆட்டங்களில் அது விதியாயிற்று. தரச்சான்று பெற்ற முழுமுகக் காப்பு அணிந்த சிறுவர்களிடையே அந்த ஆட்டத்தால் கண்ணிழப்பது ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அறுவை அரங்கில் ஒரு மருத்துவர் காப்பாற்றக்கூடிய கண்களைவிட, மைதானத்தின் வாயிலில் ஒரு விதி காப்பாற்றிய கண்கள் அதிகம். நம் ஹாக்கிக்கு முழுமுகக் கூண்டு தேவையில்லை. பெனால்டி கார்னரைத் தடுக்க நிற்பவர்களுக்கு மட்டுமே முகமூடி வழக்கத்தில் உள்ளது. ஆனால் விதி வந்தால் வழக்கம் மாறும் என்னும் பாடம் நமக்கும் பொருந்தும்.

ஒரு பல்லின் விலை

மவுத் கார்டு எதற்கு என்று கேட்போருக்கு ஒரு விளக்கம். முன்வரிசை நிலைப்பற்கள் ஆறு முதல் ஒன்பது வயதுக்குள் முளைத்துவிடுகின்றன. பத்து வயதில் அவற்றுள் ஒன்று போனால், அந்த இடத்தில் தாடையெலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லை உடனே வைக்க இயலாது; தாடையின் வளர்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதாவது, அப்பிள்ளை பள்ளிப் பருவம் முழுவதையும் கழற்றி மாட்டும் பல்லோடு கழிக்க நேரிடும். வாயை மூடிச் சிரிக்கப் பழகிவிட்ட பிள்ளையின் வருத்தத்தை எந்த விலைப்பட்டியலிலும் எழுத முடியாது.

வெந்நீரில் இட்டு மென்மையாக்கி, வாயில் வைத்துக் கடித்து, பல்லின் வடிவத்துக்கே பொருத்திக்கொள்ளும் மவுத் கார்டுகள் விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கின்றன. பெயர்பெற்ற நிறுவனத்தின் மட்டையோடு ஒப்பிட்டால் இவற்றின் விலை மிகச் சிறிது. பல் மருத்துவரிடம் அளவு கொடுத்துச் செய்துகொள்வது இன்னும் நன்றாகப் பொருந்தும். பாற்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் வயதில் வாயின் அமைப்பு மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே பொருத்தம் தளர்ந்தவுடன் புதியது வாங்க வேண்டும். அண்ணன் அணிந்ததைத் தம்பிக்குத் தரக் கூடாது.

காப்பையும் மீறி நிலைப்பல் ஒன்று வேரோடு விழுந்துவிட்டால் செய்ய வேண்டியதைப் பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியரும் அறிந்திருப்பது நல்லது. வேரைத் தொடாமல், பல்லின் வெண்மையான மேற்பகுதியைப் பிடித்து எடுக்கவும். அழுக்கு இருந்தால் சில நொடிகள் மட்டும் கழுவவும், தேய்க்கக் கூடாது. இயன்றால் அதன் குழியிலேயே திரும்பப் பொருத்தி, துணியை மெல்லக் கடிக்கச் செய்யவும். இயலாவிடில் குளிர்ந்த பாலில் இட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்க்கவும். தாளில் மடித்துக் கொண்டுவந்தால் வேர் உலர்ந்துவிடும். பாற்பல்லாக இருந்தால் திரும்பப் பொருத்த முயலவே கூடாது.

"வளர்கிற பிள்ளை" என்னும் கணக்கு

தறி ஓட்டியும் பூக்கட்டியும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. இங்கே எதையும் ஓர் அளவு பெரிதாக வாங்கும் பழக்கம் சிக்கனத்திலிருந்து வந்தது. "வளர்கிற பிள்ளை, இரண்டு வருடத்துக்கு ஆகும்" என்று பள்ளிச் சீருடையை வாங்குவதில் தவறில்லை. விளையாட்டுக் கருவிக்கு இக்கணக்கு ஒத்துவராது.

மட்டையைப் பிள்ளையின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தால் அதன் மேல்முனை இடுப்பெலும்பின் உயரத்தில் நிற்க வேண்டும். நெஞ்சை நெருங்கும் மட்டை வயிற்றில் இடிக்கும். கையைத் தவறான இடத்தில் பிடிக்கச் செய்யும். தோளையும் மணிக்கட்டையும் நோகடிக்கும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்குத் தனி மட்டை தேடி அலைய வேண்டியதில்லை. ஹாக்கி மட்டையின் தட்டையான பக்கம் எல்லோருக்கும் இடப்புறமே. இடக்கை மட்டை என்பது இந்த ஆட்டத்தில் இல்லை. தொடக்கத்தில் விலை குறைந்த மட்டையே போதும். பழைய மட்டையானாலும் தடையில்லை. சிம்பு பெயராமலும் விரிசல் இல்லாமலும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்கினால் போதும்.

ஷின் கார்டு கணுக்காலுக்குச் சற்று மேலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை மறைக்க வேண்டும். பெரிதாக இருந்தால் ஓடும்போது சுழன்று கெண்டைக்கால் பக்கம் போய்விடும். காலுறை அதை இறுகப் பிடித்திருக்க வேண்டும். காலணியைக் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், விளையாட்டுக்கு அணியும் காலுறையோடே போட்டுப் பார்த்து வாங்குவது நன்று. நுனியில் ஒரு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் கால் உள்ளே வழுக்கிக் கொப்புளம் உண்டாகும், கணுக்கால் பிசகும். அடிப்பகுதி ரப்பராக இருக்கட்டும். உலோக ஆணி கொண்ட காலணி வேண்டாம்.

பணம் கேட்காத ஏற்பாடுகள் சிலவும் உண்டு. கம்மல், கொலுசு, வளையல், கழுத்துக் கயிறு ஆகியவற்றை ஆட்டத்துக்கு முன் கழற்ற வேண்டும். வேண்டுதலுக்காகக் கட்டிய கயிற்றைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதைத் துணியால் இறுகச் சுற்றியாவது அனுப்பலாம். கண்ணாடி அணியும் பிள்ளைக்கு உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி பற்றிக் கண் மருத்துவரிடம் கேட்க வேண்டும். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய டிடி தடுப்பூசி போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் பையில் இன்ஹேலர் இருக்க வேண்டும். ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளையையும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருக்கும் பிள்ளையையும் மருத்துவரிடம் காட்டிய பிறகே களத்துக்கு அனுப்ப வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை, "சரியாகிவிட்டது" என்று தானே சொன்னாலும், அன்றைக்கு மீண்டும் ஆடக் கூடாது. வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு, கூடிக்கொண்டே போகும் தலைவலி ஆகியவை தெரிந்தால் தாமதமின்றி 108ஐ அழைக்க வேண்டும்.

பள்ளியின் பங்கு

இதுவரை சொன்னவை பெற்றோருக்கானவை. ஆயின் எல்லாச் சுமையையும் அவர்கள்மீது ஏற்றிவிடுவது நியாயமாகாது. காப்பு இல்லாதவன் களமிறங்கக் கூடாது என்று பள்ளி விதி செய்துவிட்டு, காப்புக்கு வழி செய்யாமல் இருந்தால், அவ்விதி ஏழைப் பிள்ளையை ஆட்டத்திலிருந்து வெளியேற்றும் விதியாகவே முடியும். நாளைய மாரீஸ்வரன் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பான். எனவே விதியும் வசதியும் ஒன்றாக வர வேண்டும்.

ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பொதுப் பெட்டி இருந்தால் போதும். பல அளவுகளில் ஷின் கார்டுகள், சில மட்டைகள், தொடக்க நிலையினருக்கான எடை குறைந்த பந்துகள் அதில் இருக்கட்டும். வளர்ந்துவிட்ட பிள்ளைகள் தமக்குச் சிறிதாகிவிட்டவற்றை அதில் சேர்க்கட்டும். துவைக்கக்கூடியவற்றைத் துவைத்து வெயிலில் உலர்த்தி அடுத்தவருக்குத் தரலாம். மவுத் கார்டு ஒன்றுதான் பிள்ளைக்குப் பிள்ளை புதிதாக வாங்க வேண்டியது. முன்னாள் மாணவர்களும் நம் ஊர் வணிகர்களும் பரிசுக் கோப்பைக்குத் தரும் நன்கொடையில் ஒரு பகுதியை இப்பெட்டிக்குத் தரலாம். கோப்பை ஓர் அணிக்குப் போகும். பெட்டி எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும்.

கோல்கீப்பரின் கருவிகளைப் பள்ளிதான் வாங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தலைக்கவசம், மார்புக் காப்பு, கைக் காப்பு, அடிவயிற்றுக் காப்பு, கால் பேட், கிக்கர் ஆகிய அனைத்தையும் ஒரு குடும்பத்தை வாங்கச் சொல்வது கூடாது. அவை கிடைக்கும்வரை கோல் முனையில் எந்தப் பிள்ளையையும் நிறுத்தாமல், கூம்புகளை வைத்துப் பயிற்சி நடத்தலாம். மெதுவாக ஓடும் பிள்ளை, எதிர்த்துப் பேசாத பிள்ளை என்று பார்த்து அங்கே நிறுத்தும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மிகுந்த வேகத்தில் பந்து வரும் இடத்தில், மறுத்துச் சொல்லத் தெரியாத பிள்ளையை வெறும் உடம்போடு நிறுத்துவது விளையாட்டாகாது. பெண்பிள்ளைகளின் அணிக்கு ஆண்பிள்ளைகள் தேய்த்துக் கழித்தவற்றைக் கொடுக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். அவர்கள் கால் எலும்பும் அதே எலும்புதான்.

நம் ஊர்களில் எந்தத் திருவிழாவும் காப்புக் கட்டாமல் தொடங்குவதில்லை. காப்புக் கட்டியபின் அவ்விழா முடியும்வரை ஊரே அதற்குப் பொறுப்பு என்பது நம் முன்னோர் வகுத்த முறை. ஒரு பிள்ளையின் முதல் ஆட்டமும் ஒரு வீட்டின் திருவிழாவே. இந்தக் கல்வியாண்டில் உங்கள் பிள்ளை ஹாக்கியில் சேர விரும்பினால், கடையில் மட்டைகள் தொங்கும் சுவரை நோக்கிச் செல்லும் முன், ஷின் கார்டும் மவுத் கார்டும் இருக்கும் அலமாரியைக் காட்டச் சொல்லுங்கள். மிஞ்சிய பணத்துக்கு எந்த மட்டை கிடைக்கிறதோ அதுவே உங்கள் பிள்ளைக்கு ஏற்ற முதல் மட்டை.